கீழத்தெருக்காரர்கள் நடக்காத கரை

“எங்க தெருப் பொணம் போறதுக்கு அந்தக் கரை வேணும்.”

ஆலமங்கை சமுதாயக் கூடத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு இசைவாணி இதைச் சொன்னபோது, முன்வரிசையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்களின் கை பாதியில் நின்றது. பின்வரிசையில் இருந்த கீழத்தெரு ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மேடையில் திட்ட அலுவலகத் தலைவர் ஹரிஹரசுப்ரமணியன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

கேட்கவே கூடாது என்று அவளிடம் சொல்லிவைத்திருந்த ஒன்றைத்தான் அவள் கேட்டுவிட்டாள். காலையில் ஜீப்பில் வரும்போது அவர் படித்துப் படித்துச் சொன்னார்: “உங்க ஜனங்க விளக்கு கேட்கட்டும், கழிப்பறை கேட்கட்டும், வேலை கேட்கட்டும். பாதைங்கிற பேச்சு மட்டும் வரவேண்டாம்மா. அது வந்தா திட்டத்துக்குக் கடன் குடுக்கிறவன் ஃபைலை மூடிடுவான்.” அவர் இன்றைக்குச் சொன்னார். அவளுடைய அப்பா ரெத்தினமோ, அவளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவள் மேடையில் இருந்ததே வேறு காரியத்துக்காக. சுற்றுச்சூழல் அறிவியல் படித்தவள், குடும்பத்தின் முதல் பட்டதாரி, தஞ்சாவூரில் உள்ள திட்ட அலுவலகத்தில் ஒப்பந்த வேலை. திட்டத்தைப் பற்றி ஊர்க்காரர்களுக்குப் புரிகிற தமிழில் படித்துக்காட்டிவிட்டு உட்கார வேண்டியதுதான் அவள் பொறுப்பு. படித்தும் காட்டினாள். குடமுருட்டிக் கரையோரம் வரிசையாகக் கோயில்கள். அந்தக் கோயில் தெருக்களில் வெளியூர் பஸ்ஸும் வேனும் நுழைந்து, டீசல் புகையில் ஊரே இருமுகிறது. இனிமேல் வண்டிகளை எல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து சுற்றுலா வருகிறவர்கள் பேட்டரி வண்டியிலும் சைக்கிளிலும் ஆற்றுக் கரையோடு கோயில் கோயிலாகப் போகலாம். புகை இல்லை, ஹாரன் இல்லை, பிளாஸ்டிக் இல்லை. ‘பசுமைப் பயண வழி’ என்று பேர்.

நல்ல திட்டம்தான். கல்லூரியில் இதைத்தான் படித்தாள், இதற்காகத்தான் வேலைக்கும் வந்தாள். ஆனால் வரைபடத்தைத் திரையில் போட்டதும் பச்சைக் கோடு ஒன்று அவள் ஊர்க் கரைமேல் ஏறிக் கிழக்கே போனது. அந்தக் கோடு முடிகிற திட்டில்தான் கீழத்தெருவின் சுடுகாடு. கரையின் இரண்டு முனையிலும் கேட்டு வரும் என்று காட்டியிருந்தார்கள். படித்துக்கொண்டிருந்த காகிதத்தை மேஜையில் வைத்தாள். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

கூட்டத்துக்குத் தலைமை வகித்த வருவாய்த் துறை அதிகாரி பதறவில்லை. பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த ஸ்ம்ருதியைப் பார்த்தார். “கணக்கெடுப்புல என்னம்மா இருக்கு?”

ஸ்ம்ருதி சென்னைப் பெண். கெட்டவள் இல்லை. மதியச் சாப்பாட்டில் இசைவாணிக்கு எடுத்துவைக்காமல் சாப்பிட மாட்டாள். கடந்த சித்திரையில் அவளுடைய ஆட்கள்தான் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டவர்கள். சொந்த ஊர் என்பதால் இசைவாணியை அந்தப் பக்கம் அனுப்பவில்லை; அதுதான் விதி. ஸ்ம்ருதி திரையில் ஒரு கட்டத்தைப் பெரிதாக்கினாள். ‘ஆற்றுக் கரையை எதற்காவது பயன்படுத்துகிறீர்களா?’ என்ற கேள்விக்குக் கீழத்தெருவின் எல்லா வீடும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தது.

இல்லை.

இசைவாணி திரையை மறுபடி படித்தாள். இவர்கள் பொய்யாக எழுதிக்கொண்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

“நேர்லயே கேட்டுடுவோமே” என்றார் அதிகாரி. “கீழத்தெருக்காரங்க யாராவது அந்தக் கரையில போறீங்களா? கையத் தூக்குங்க.”

ஒரு கையும் எழும்பவில்லை.

முன்வரிசையில் இருந்த நாகேஸ்வரன் திரும்பிப் பார்த்தார். கரையை ஒட்டிய நன்செய் எல்லாம் அவர் குடும்பத்துடையது. வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், குடியிருப்பு தஞ்சாவூரில், அறுப்புக்கு மட்டும் காரில் வருவார். “இந்தப் பொண்ணோட அப்பனே இருக்கானே. ரெத்தினம்! எந்திரிச்சு நீயே சொல்லுப்பா.”

ரெத்தினம் எழுந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மகள் மேடையில் பேசப்போகிறாள் என்று தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்த சட்டை.

“பாப்பா படிச்ச புள்ள. வெளியூர்ல ஆஸ்டல்ல இருந்துச்சு, ஊரு நெலவரம் தெரியாது. தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. நாங்க அந்தப் பக்கம் போறதே இல்லீங்க.”

“கேட்டேளா?” என்று மேடையைப் பார்த்துச் சொன்னார் நாகேஸ்வரன். “ரெத்தினம் பொய் சொல்ல மாட்டான்.”

யாரோ சிரித்தார்கள். அதிகாரி குறித்துக்கொண்டார். அடுத்ததாகக் கழிப்பறை பற்றிப் பேச்சு வந்தது.

*

வீட்டுக்கு வந்ததும் இசைவாணி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அம்மாவ எந்த வழியாப்பா தூக்கிட்டுப் போன?”

ரெத்தினம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“கேக்குறேன்ல? எந்த வழியா?”

“கரை வழியாத்தான்.”

“அப்ப நூறு பேரு முன்னாடி என்னப் பைத்தியக்காரி ஆக்குனியே, அது எதுக்கு?”

“உக்காரு பாப்பா.”

“உக்கார மாட்டேன்.”

அவர் நின்றுகொண்டே சொன்னார். அவருடைய பெரியப்பா மகன் நடராசன் என்று ஒருத்தர் இருந்தார். கட்சிக்காரர், எழுதப் படிக்கத் தெரிந்தவர். கரை வழியைப் பாதையாகப் போட்டுத் தர வேண்டும் என்று தாலுகா ஆபீசில் மனு கொடுத்தார். மனு ஊருக்குத் திரும்பி விசாரணைக்கு வந்த மறுநாள், மேலத்தெரு நிலக்காரர்கள் கரையில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். அந்த நடவுக்குக் கீழத்தெருவில் ஒருத்தருக்கும் வேலை இல்லை. வெளியூரிலிருந்து ஆட்களை இறக்கினார்கள். கடைசியில் தெருவே திரண்டு போய், நாங்கள் கேட்கவே இல்லை, எங்களுக்குக் கரையே வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் முள்ளை எடுத்தார்கள். எடுத்த மறுவாரமே ஒரு சாவு விழுந்தது. கரையோடுதான் தூக்கிக்கொண்டு போனார்கள். யாரும் தடுக்கவில்லை. வயலில் நின்றிருந்த மேலத்தெருக்காரர்கள் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்கள்.

“அன்னைலேருந்து அதான் நடப்பு. நாம கேக்குறதில்ல, அவுங்க மறிக்கிறதில்ல. தலையாரி வந்து கேட்டாலும், சென்சஸ்காரன் வந்து கேட்டாலும், ஓட்டுக் கேட்டு வந்தவன் கேட்டாலும், இல்லீங்க, போறதில்லீங்க. கைப்புள்ளைக்குக்கூட அப்படித்தான் சொல்லிக் குடுத்துருக்கோம். இல்ல இல்லன்னு சொல்லித்தான் பாப்பா அந்த வழியக் காப்பாத்தி வச்சிருக்கோம்.”

“காப்பாத்தலப்பா” என்றாள். “எழுதிக் குடுத்துட்டீங்க. தெருவே சேந்து எழுதிக் குடுத்துட்டீங்க. இனிமே எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் அதத்தான் எடுத்து நீட்டுவானுங்க.”

“கோர்ட்டுக்கெல்லாம் எதுக்குப் போறோம்? கேட்டு போட்டா போட்டுக்கட்டும். நாம போறப்ப தெறந்து விடுவாங்க. கண்டுங்காணாம இருந்துக்குவாங்க.”

“கேட்டுக்கு ஏதுப்பா கண்ணு, மூடிக்கிறதுக்கு?”

ரெத்தினத்துக்கு அது விளங்கவில்லை. திட்டம் என்றால் அவருக்கு நாகேஸ்வரன் மாதிரி ஓர் ஆள்; திருப்பிக்கொள்ள முகமும் முதுகும் உள்ள ஆள். அதற்கு முகமே இல்லை என்பதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

*

ஆடிப்பெருக்கு அன்று பசுமைப் பயண வழியைத் திறந்தார்கள். தோரணம் கட்டி, நாகஸ்வரம் வைத்து, விருந்தினர்களைப் பேட்டரி வண்டியில் ஏற்றிக்கொண்டு கரையோடு போனார்கள். முதல் வண்டியை ஓட்டியவன் இசைவாணியின் தம்பி அன்பரசன். கீழத்தெருவுக்கு வேலை தருகிறோம் என்று சொன்னபடி கொடுத்திருந்தார்கள். அதில் குறை சொல்ல முடியாது. பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி. “நான் சொன்னேனா இல்லையா?” என்று ரெத்தினம் மகளைப் பார்த்துச் சிரித்தார்.

கேட்டுக்குப் பக்கத்தில் பலகை வைத்திருந்தார்கள். வாசகம் ஸ்ம்ருதி எழுதியது. ‘இது அமைதிப் பகுதி. மோட்டார் வாகனம், மேளதாளம், வெடி, ஊர்வலம் ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. பறவைகளை மதிப்போம்.’

“ஊர்வலம்னு எதுக்குப் போட்டே?” என்று இசைவாணி கேட்டாள்.

“கட்சிக்காரங்க கொடி புடிச்சுட்டு வந்துடுவாங்கன்னு சார்தான் போடச் சொன்னார். ஏன், தப்பா?”

“சாவுக்கு வர்றதும் ஊர்வலம்தான்.”

ஸ்ம்ருதியின் முகம் வாடியது. “அங்க யாரும் போறதில்லைன்னுதானே எல்லாரும் சொன்னாங்க, இசை? நான் என் காதால கேட்டேன். ஒரு பாட்டியம்மா கையப் புடிச்சுட்டுச் சொன்னாங்க, சத்தியமா போறதில்ல கண்ணுன்னு.”

சொல்லியிருப்பார்கள். நன்றாகவே சொல்லியிருப்பார்கள்.

இசைவாணி மனு எழுதினாள். திட்டத்துக்கு ஒரு குறைதீர்க்கும் பிரிவு உண்டு. அந்தப் பிரிவு எது என்றால், அலுவலகத்தின் கழிவறைக்குப் பக்கத்து மேஜை. அந்த மேஜையில் இருப்பவள் அவளேதான். தெருவில் கெஞ்சிக் கூத்தாடி நான்கு பேரிடம் கையெழுத்து வாங்கித் தபாலில் போட்டாள். அது அவள் மேஜைக்கே வந்து சேர்ந்தது. வந்த மனுவை மேலே அனுப்பினாள். கணக்கெடுப்பின்படி பயன்பாடு இல்லாததால் கோரிக்கை ஏற்பதற்கில்லை என்று கீழே வந்தது. அதை மனுதாரர்களுக்குத் தெரிவிக்க வேண்டியதும் அவள் வேலை. தட்டச்சு செய்து, முத்திரை வைத்து, தன் தெருவுக்குத் தானே அனுப்பினாள். வெறி பிடித்தது போல இருந்தது. மறுநாளும் வேலைக்குப் போனாள். போகாவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்றுகூடத் தெரியாமல் போய்விடும்.

*

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சம்பா நட்டு வேர் பிடித்திருந்த நேரம். வயல் எல்லாம் தண்ணீர். அந்த அடைமழையில் வள்ளியம்மை செத்துப்போனாள். ரெத்தினத்துக்குப் பங்காளி வீட்டு அண்ணி. ஊரில் பாதி வயலில் நாற்று நட்ட கை.

அன்பரசன் கேட்டுக்குப் போய்க் காவலாளியிடம் கேட்டான். காவலாளி வெளியூர்க்காரர். “தம்பி, நீயே இங்க வேல பாக்குற. கேமரா இருக்கு. தொறந்தா என் வேல போயிரும், ஒன் வேலயும் போயிரும்” என்றார். ரெத்தினம் நாகேஸ்வரனுக்குப் போன் போட்டார். வாழ்க்கையில் முதல் முறையாக, சுற்றி வளைத்துக் கேட்டும் பார்த்தார்.

“என்கிட்ட எதுக்கு ரெத்தினம் கேட்கிறே? கரை இப்ப என் கையிலயா இருக்கு? கவர்மெண்டுன்னா எடுத்துண்டது?” என்றார் நாகேஸ்வரன். அவர் சொன்னது உண்மைதான். திரும்பி நின்றுகொள்ளக்கூட இப்போது அவரால் முடியாது.

வயல் வழியாகத்தான் போனார்கள். வரப்பு தண்ணீருக்குள் இருந்தது. பாடையைச் சுமந்தவர்களுக்குத் தொடை வரை சேறு. வடிகாலைத் தாண்டுகிற இடத்தில் இடுப்பு வரை தண்ணீர். வழக்கப்படி பெண்கள் தெருமுனையிலேயே நின்றுவிட்டார்கள். இசைவாணி அங்கே நின்றுதான் பார்த்தாள். கரைமேல் பேட்டரி வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. மழைக் கோட்டு போட்ட இரண்டு பேர் வண்டியை நிறுத்தச் சொல்லி, வயலில் போகும் சாவைப் படம் எடுத்தார்கள். வண்டி ஓட்டியவன் அன்பரசன் இல்லை. அன்பரசன் பாடைக்கு அடியில் இருந்தான்.

வடிகாலில் முன்னால் சுமந்த ரெத்தினத்தின் கால் எதிலோ மாட்டியது. பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. மாலையும் துணியும் தண்ணீரில் மிதந்து போயின. கட்டு தளர்ந்து வள்ளியம்மையின் கை வெளியே வந்து, தண்ணீரைத் தொட்டுக்கொண்டே போனது. ஆட்கள் கத்தினார்கள். ஒருவன் கையைப் பிடித்து உள்ளே வைத்தான். நாற்றுக்குள்ளிருந்து கொக்குகள் எழும்பிப் பறந்தன. பலகை கேட்டுக்கொண்டபடி யாரும் அவற்றை மதிக்கவில்லை.

ரெத்தினத்துக்குக் கணுக்காலில் தகரம் கிழித்த காயம். மஞ்சள் அப்பிவிட்டு, மிதிபட்ட நாற்றுக்குப் பதில் போக்கு நாற்று நட மறுநாளே அதே வயலில் இறங்கினார். நாகேஸ்வரனின் குத்தகைக்காரர் சண்டைக்கு வருவதற்கு முன்னால் நட்டுவிட வேண்டும் என்று அவசரம். பத்துப் பன்னிரண்டு நாளில் காய்ச்சல் கண்டது. கண் மஞ்சளித்தது. தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல் என்றார்கள். வயல் தண்ணீரில் புண்ணோடு நின்றால் வருவதாம். கிட்னிக்கு இறங்கிவிட்டது என்றார்கள்.

கார்த்திகை பிறந்து சில நாள். இசைவாணி பக்கத்தில் இருந்தபோது ரெத்தினம் கண்ணைத் திறந்தார்.

“வயக்காட்டுல இழுக்காதீங்க பாப்பா. அந்த ஈரம் ஆவாது.”

“சரிப்பா.”

“யாருகிட்டயும் கேக்காத.”

அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. சாகக் கிடக்கும்போதும் அதே பாட்டுதானா? “கேக்காம எப்படிப்பா? என்னதான் செய்யச் சொல்ற?”

ரெத்தினம் மூச்சு வாங்கினார். “கேக்காத. போங்க.”

*

உடல் வீட்டுக்கு வந்து சேர்ந்த காலையிலேயே ஹரிஹரசுப்ரமணியனிடமிருந்து போன் வந்தது. “மேலே பேசிட்டேன்மா. ஒரு வழி பண்ணியிருக்கேன். நேர்ல வந்து வாங்கிட்டுப் போயிடு. இல்லைன்னா போலீஸ் நிக்கும்.”

இசைவாணி தம்பியைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டுப் பேசினாள். அவன் முதலில் தலையை ஆட்டி மறுத்தான். பிறகு நின்று யோசித்தான். பிறகு பச்சைச் சட்டையைக் கொடியிலிருந்து உருவி, பைக்கின் சேற்றைத் துடைத்துவிட்டு அவளிடம் சாவியைக் கொடுத்தான்.

அலுவலகத்தில் ஹரிஹரசுப்ரமணியன் எழுந்து நின்று அவளை வரவேற்றார். கண் கலங்கியிருந்தது, நடிப்பு இல்லை. அவளுக்கு வேலை கொடுத்தது அவர்தான். வருகிற பெரிய மனிதர்களிடம் எல்லாம் “ஃபர்ஸ்ட் ஜெனரேஷன் கிராஜுவேட், எங்க இசைவாணி” என்று தோளைத் தட்டாத குறையாகச் சொல்வார். அந்தப் பெருமை அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

“உக்காரும்மா. காபி?”

“துக்க வீட்டுலேருந்து வரேன் சார்.”

“ஆமாம், ஆமாம். மறந்துட்டேன்.” அவர் மேஜையில் இருந்த காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். “உங்க அப்பாவுக்கு மட்டும் சிறப்பு அனுமதி. நாளைக்கு விடியற்காலம், வண்டி விடறதுக்கு முன்னாடி முடிச்சுடணும். தப்பு அடிக்கக் கூடாது, வெடி கூடாது. இதுல ஒரு கையெழுத்துப் போடு. அவ்வளவுதான்.”

இசைவாணி படித்தாள். பழகிய நடை. இப்படி எத்தனையோ அவள் கையாலேயே தட்டச்சு செய்திருக்கிறாள். ‘மேற்படி கரையை எங்கள் தெருவினர் வழக்கமாகப் பயன்படுத்துவதில்லை. இந்த ஒரு முறை மட்டும் கருணை அடிப்படையில் அனுமதிக்குமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.’

“இத யார் சார் எழுதினது?”

“யார் எழுதினா என்ன? ஒரு ஃபார்மாலிட்டி.”

“ஃபார்மாலிட்டி இல்ல சார். எங்கப்பா தெரியாம சொன்னத என்னத் தெரிஞ்சே சொல்லச் சொல்றீங்க.”

கதவருகே ஸ்ம்ருதி வந்து நின்றாள். ஹரிஹரசுப்ரமணியன் குரலைத் தாழ்த்தினார்.

“இங்க பாரு. எனக்கு மட்டும் ஆசையா? தெரு முழுக்கப் புகை. அந்தக் கோயில் வாசல்ல குழந்தைகள் இழுத்து இழுத்து மூச்சு விட்டதை நான் பார்த்திருக்கேன். இந்த வழியைக் கொண்டுவர எத்தனை வருஷம் நாயா அலைஞ்சேன் தெரியுமா? பாதைத் தகராறுன்னு ஒரு வார்த்தை கடன் குடுக்கிறவன் காதுல விழுந்தா, இது மட்டுமில்லே, மாயவரம் வரைக்கும் எல்லாம் நிக்கும். திரும்பவும் பஸ்ஸு, திரும்பவும் புகை. ஒரு நல்ல காரியம் கெட்டுப்போகணுமா?”

“நல்ல காரியம்தான் சார். நான் இல்லன்னா சொன்னேன்? எங்க பொணத்து மேல ஏறித்தான் வரணுமா அது? ஒரு கேட்டு. ஒரு பலகையில ஒரு வார்த்தை. அத எடுக்கச் சொல்லி ஆடியிலேருந்து கேக்குறேன். எடுத்திருந்தா எங்கப்பா வடிகாலுல எறங்கியிருக்க மாட்டாரு.”

அவர் காகிதத்தின் ஓரத்தை நேராக்கினார்.

“உன் நல்லதுக்குச் சொல்றேன். அரசுத் தேர்வு பாஸ் பண்ணியிருக்கே. அடுத்த மாசம் சான்றிதழ் சரிபார்ப்பு. போலீஸ் விசாரணை வரும். அனுமதி இல்லாம அத்துமீறி நுழைஞ்சான்னு ஒரு கேஸ் விழுந்தா, அந்த வேலை உனக்குக் கிடைக்காது. உங்க அப்பா உன்னைப் படிக்க வெச்சது இதுக்கா?”

அது இறங்கியது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அந்தத் தேர்வு முடிவு வந்த அன்று ரெத்தினம் தெருவில் மிட்டாய் கொடுத்தார், கொடுத்துக்கொண்டே அழுதார். அந்த வேலை வந்தால் ஒழுகுகிற கூரையை மாற்றலாம். கல்யாணம் என்று யாரும் நச்சரிக்க மாட்டார்கள். நாகேஸ்வரன் “வாம்மா” என்று கூப்பிட வேண்டியிருக்கும். எல்லாம் போகும். ஆஸ்பத்திரியிலிருந்து அமரர் ஊர்தியில் வரும்போதே அதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டிருந்தாள்.

“இதுல கையெழுத்துப் போட்டா எங்கப்பா போவாரு சார். அடுத்த பொணம் போவாது. நீங்க குடுத்துப் போனா அது உங்க வழி. குடுக்காம நாங்க போனாத்தான் எங்க வழி. வழக்கு வந்தா வரட்டும். இத்தனை தலைமுறையா அந்தக் கரையில போனோம்னு நாங்க சொல்றதுக்கு ஒரு எடமாவது கெடைக்கும். போகலன்னு சொல்லிச் சொல்லியே செத்தாச்சு.”

“எமோஷனலாப் பேசாதேம்மா. யோசிச்சுச் சாயங்காலத்துக்குள்ள சொல்லு.”

“நான் அனுமதி கேக்க வரல சார். தகவல் சொல்ல வந்தேன்.” காகிதத்தை அவர் பக்கமே தள்ளினாள். “மத்தியானம் கரையில சாவு வருது, கூட நானும் வரேன். தப்பு அடிச்சுக்கிட்டுத்தான் வருது. அந்த நேரத்துல பேட்டரி வண்டி விடாதீங்க. வந்தவங்க பயந்துக்குவாங்க.”

ஹரிஹரசுப்ரமணியனுக்கு முதல் முறையாகக் கோபம் வந்தது. “கேட்டு பூட்டியிருக்கும்! யார் திறப்பா?”

“என் தம்பி கடப்பாரையோட நிக்கிறான்.”

“அந்தப் பையன் வேலையும் போகும்.”

“போயிருச்சு சார். காலையில பச்சைச் சட்டையால பைக்கத் தொடச்சுட்டான்.”

“பொம்மனாட்டி நீ, மயானம் வரைக்கும் போகப்போறியா? உங்க தெருவுலயே ஒத்துக்க மாட்டாளே!”

“தெருவுல பேசிக்குறேன்.”

ஸ்ம்ருதி வழி விடாமல் நின்றாள். அழுதுகொண்டிருந்தாள். “நான் மறுபடி கணக்கெடுக்கிறேன், இசை. வீடு வீடா நானே வரேன். எனக்குக் கொஞ்சம் டைம் குடு.”

“வா” என்றாள் இசைவாணி. “ஆனா இந்தத் தடவ கேக்காத. நின்னு பாரு.”

கைபேசி அதிர்ந்தது. அன்பரசன். பின்னால் தப்புகளை நெருப்பில் காய்ச்சித் தட்டிப் பார்க்கிற சத்தம்.

“அக்கா, பாடை கட்டியாச்சு. கேட்டுகிட்ட ரெண்டு போலீஸ் ஜீப்பு வந்து நிக்குது. தெருவுல பாதிப் பேரு பயப்படுறாங்க. என்ன செய்ய?”

“மீதிப் பாதி?”

“நிக்கிறாங்க.”

“தூக்குங்க. தெருமுனையில நில்லுங்க, வந்துர்றேன்.”

ஹரிஹரசுப்ரமணியன் பின்னால் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். முதலில் அதட்டலாக, பிறகு கெஞ்சலாக. இசைவாணி ஸ்ம்ருதியின் தோளை ஒதுக்கிவிட்டுப் படியிறங்கினாள். வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பைக்கின் சீட்டைத் துப்பட்டாவால் ஒரு தடவை துடைத்தாள், ஏறி உதைத்தாள்.